மறு: அண்டகத் திசு: ‘கடினத்தன்மை’யா, ‘விறைப்பு’ ஆ?

> வயது ஏற ஏற அண்டகத்தின் (ovary, பெண்ணின் கருமுட்டைகள் உருவாகும் உறுப்பு) கடினத்தன்மை கூடுகிறது என்று எழுதலாமா? நாரேற்றம் (fibrosis, திசுவில் நார் மிகுதல்) என்றே சொல்லிவிட்டால் என்ன?

வணக்கம் ஐயா.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘stiffness’ என்பதற்குக் ‘கடினத்தன்மை’ வேண்டாம். பொறியியலில் அது வேறொரு அளவின் பெயர். கூர்முனையை அழுத்தி எடுத்த பிறகும் மறையாமல் நிற்கும் தடத்தை வைத்துச் சொல்வது அது. இங்கே அளப்பது, அழுத்தும்போது திசு எவ்வளவு அமுங்குகிறது என்பதை. பாஸ்கல் அலகில் வரும்; எண் கூடினால் அமுங்குவது குறைவு. ‘இறுக்கம்’ என்றால் மன இறுக்கம், நெஞ்சு இறுக்கம் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

என் ஓட்டு ‘விறைப்பு’க்கு. பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘விறைப்புக் குணகம்’ இருக்கிறதே, அது சறுக்குப்பெயர்ச்சிக்கு (பக்கவாட்டில் தள்ளும்போது உருவம் சாய்வதற்கு) உரியதல்லவா என்று யாராவது கேட்பார்கள். குணகம் என்று வால் சேர்ந்தால் அது, சேராவிட்டால் இது. அவ்வளவுதான்.

‘நாரேற்றம்’ நல்ல சொல். ஆனால் அது விறைப்புக்கு ஒரு காரணம், விறைப்பே அல்ல. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு 2020இல் எலிகளில் இதைப் பிரித்துக் காட்டியது. கிழட்டு எலியின் அண்டகத்தில், நார்ப் புரதமான கொலாஜனை நொதியால் சிதைத்தபோது விறைப்பு குறைந்தது. சரி, எல்லாம் கொலாஜன்தான் என்று முடித்துவிட முடியவில்லை. தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹையலூரோனன் வயதோடு குறைகிறது. அதைத் தயாரிக்கும் நொதிகளில் ஒன்று இல்லாத எலிகளின் அண்டகமோ, அதே வயதுள்ள மற்ற எலிகளுடையதைவிட விறைப்பாக இருந்தது. ஆக நார் கூடினாலும் விறைக்கும், ஈரம் பிடிக்கும் பொருள் குறைந்தாலும் விறைக்கும். விறைப்புக்கும் நாரேற்றத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்த ஆய்வைத் தமிழில் எழுதவே முடியாது.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதில்லை. பச்சைத் தோலிலும் தண்ணீர் போக மிச்சம் பெரும்பாலும் கொலாஜன்தான். பதனிடாமல் அப்படியே காயவிட்டால் பலகை மாதிரி விறைத்துக்கொள்ளும். யாரும் அதைக் ‘கடினத்தன்மை அடைந்தது’ என்று சொல்வதில்லை.

— வேலூரிலிருந்து

*

> என் ஓட்டு ‘விறைப்பு’க்கு

அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ஆனால் குடியாத்தத்திலிருந்து குழந்தைப்பேறு வேண்டிச் சிகிச்சைக்கு வரும் பெண்ணிடம் “உங்க அண்டகம் விறைச்சிருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். நம் ஊரில் விறைப்பது பிணமும் குளிரில் விரலும்தான். பாதிப் பேருக்கு உள்ளே இருப்பது எல்லாமே கர்ப்பப்பை. ‘அண்டகம்’ என்பதையே விளக்க வேண்டும். ‘சினைப்பை’ என்றால் மாட்டு ஞாபகம் வருகிறது என்று முகம் சுளிக்கிறார்கள்.

நோயாளிக்கான துண்டறிக்கையில் “முட்டைப்பை கொஞ்சம் கெட்டிப்படுகிறது, வயசானா எல்லாருக்கும் வருவதுதான்” என்று போடலாம். ‘கெட்டி’யில் பயமில்லை.

*

அப்படியே செய்யலாம் அம்மா. கலைச்சொல் பட்டியலில் அளவுக்கு ‘விறைப்பு’, வயதோடு அது கூடுவதற்கு ‘விறைப்பேற்றம்’. துண்டறிக்கையில் ‘கெட்டிப்படுதல்’. ‘நாரேற்றம்’ தனி உள்ளீடாக இருக்கட்டும். அதற்கு ‘நாரிழைப் பெருக்கம்’ வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்க வேண்டாம்.