எம்எக்ஸ்-5 1.6: 4 கிலோ ஃப்ளைவீல் போட்டதுலேர்ந்து வண்டி எடுக்கும்போது உதறுது. ஃப்ளைவீல் தப்பா, கிளட்ச் தப்பா?

கூரைதிறந்தவன்:

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, 1991 மாடல், 1.6, 5 கியர். டர்போ கிடையாது. இன்ஜின்ல எதுவும் மாத்தலை. தினமும் ஆபீஸ் போக வர, சிட்னி டிராஃபிக், நடுவுல ரெண்டு மூணு ஏத்தம்.

பழைய கிளட்ச் தேய்ஞ்சதால கியர்பாக்ஸ் இறக்கினப்ப போட்டது இவ்வளவும்:

- அலுமினிய ஃப்ளைவீல் (இன்ஜின் கிராங்க் தண்டோட பின் முனையில சுத்தற கனச் சக்கரம்), தராசுல 3.9 கிலோ. கழட்டினது 7.9 கிலோ.
- 6 பட்டை செராமிக் கிளட்ச் பிளேட். நடுவுல ஸ்பிரிங் இல்லாத வகை.
- அதோட செட்டா வந்த 'ஸ்டேஜ் 3' பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீல் மேல அமுக்கிப் பிடிக்கற தட்டு, இது கடினமான வகை)
- ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் ரெண்டும் புதுசு

1,100 கி.மீ. ஓடியாச்சு. இப்ப இருக்கற தொல்லை:

1. முதல் கியர்ல எடுக்கும்போது வண்டி மொத்தமும் உதறுது. 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழ விட்டா ஆஃப் ஆயிடுது. ஏத்தத்துல சிக்னல் விழுந்தா வயித்தைக் கலக்குது.
2. நியூட்ரல்ல நிக்கும்போது டப்பாவுல கோலிக்குண்டு குலுக்கற சத்தம். பெடலை அமுக்கினா நின்னுடுது.
3. ஏ.சி. ஓடும்போது ஐடில் 600 வரைக்கும் இறங்குது.
4. ரிவர்ஸ் போட்டா 'கர்ர்ர்'னு கடிக்குது.

மாட்டின கடையில "லைட் ஃப்ளைவீல்னா இப்படித்தான் இருக்கும்"னு முடிச்சுட்டாங்க. பழைய ஃப்ளைவீலையே திருப்பி மாட்டிடவா?

பல்சக்கரம்:

கடையில சொன்னது கால்வாசி நிஜம். ஃப்ளைவீலை மாத்த வேண்டாம், கிளட்ச் பிளேட்டை மாத்துங்க.

முதல்ல ஃப்ளைவீல் பங்கு எவ்வளவுன்னு பார்த்துடுவோம். 1,500 ஆர்பிஎம்ல உங்க பழைய ஃப்ளைவீல் சேர்த்து வெச்சிருந்த ஆற்றல் தோராயமா 990 ஜூல். இப்ப இருக்கறது 490. ஆளோட 1,050 கிலோ இருக்கற வண்டியை 5 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 1,000 ஜூல் வேணும், கிளட்ச்ல வெந்து போறதைச் சேர்க்காமலே. பழைய ஃப்ளைவீல் அந்த முதல் தள்ளலைத் தானே கொடுத்துடும். இப்ப உங்க வலது காலு கொடுக்கணும். 1,300ல எடுத்துப் பழகினவங்க 1,700–1,800ல எடுக்கப் பழகணும், அவ்வளவுதான். இதுக்காக வண்டி உதறாது.

உதறலுக்குக் காரணம் பிளேட். செராமிக் பட்டை மெதுவாப் பிடிக்காது. வழுக்கும், சட்டுனு கடிக்கும், மறுபடி வழுக்கும். சாதாரண பிளேட்ல லைனிங்குக்கு நடுவுல அலை அலையா வளைஞ்ச மெல்லிய தகடு இருக்கும், மெத்தை மாதிரி. பெடல் மேல வரவர அது கொஞ்சம் கொஞ்சமா அமுங்கித்தான் பிடிமானம் ஏறும். உங்க பிளேட்ல அந்த மெத்தையும் இல்ல, நடு ஸ்பிரிங்கும் இல்ல. கனமான ஃப்ளைவீல் இருந்திருந்தா இந்தக் குறையைப் பாதி மறைச்சிருக்கும்.

இப்ப அந்த 'ஸ்டேஜ் 3' உங்களுக்கு எதுக்குன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. கிளட்ச் தாங்கற டார்க் = 2 × உராய்வு எண் × அழுத்த விசை × சராசரி ஆரம். உங்க வண்டிக்கு வர்ற 200 மி.மீ. பிளேட்டுக்குச் சராசரி ஆரம் 84 மி.மீ. அளவுல இருக்கும். சாதாரண லைனிங்குக்கு 0.28, விசை 4,000 நியூட்டன்னு வெச்சா 188 நியூட்டன் மீட்டர். உங்க இன்ஜின் தர்றதே 136 சொச்சம். மூணுல ஒரு பங்குக்கு மேல மிச்சம் இருக்கு. செராமிக்குக்கு 0.38, கடினமான பிரஷர் பிளேட்டுக்கு 6,000 நியூட்டன் போட்டா 383 வரும். 136க்கு 383 என்னத்துக்கு? அந்த 6,000 நியூட்டனுக்கு விலை இடது முழங்கால் மட்டும் இல்ல. ஒவ்வொரு தடவை பெடலை அமுக்கும்போதும் கிராங்க் முன்னும் பின்னும் நகராமத் தாங்கற த்ரஸ்ட் பேரிங் மேல அதுல ஒரு பங்கு பாரம் விழுது.

லேத்துக்காரன்:

2ஆம் நம்பர் சத்தத்துக்கு: கியர்பாக்ஸ்ல கனமான ஆயில் ஊத்திப் பாருங்க. குறைஞ்சுடும்.

பல்சக்கரம்:

குறையும், ஆனா காலைல ரெண்டாவது கியர் விழாது. அந்த 5 கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90 தான், 2 லிட்டர். ஆயில்ல கை வைக்க வேண்டாம்.

சத்தத்தோட மூலம் வேற. பெடல் மேல இருக்கும்போது சத்தம், அமுக்கினா நிக்குதுன்னா ரிலீஸ் பேரிங் இல்ல. அது கெட்டிருந்தா நேர்மாறா, அமுக்கும்போதுதான் கத்தும். இது கியர்பாக்ஸுக்குள்ள பல்லும் பல்லும் உரசித் தட்டற சத்தம். நாலு சிலிண்டர் இன்ஜின் சீராச் சுத்தறதில்ல. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை தள்ளும், நடுவுல தளரும். கனமான ஃப்ளைவீல் அந்த ஏத்த இறக்கத்தை விழுங்கிடும். மிச்சத்தை பிளேட்டோட நடு ஸ்பிரிங் விழுங்கும். நீங்க ரெண்டையும் ஒரே நேரத்துல எடுத்துட்டீங்க. ஸ்பிரிங் உள்ள பிளேட் போட்டா சத்தம் முக்கால்வாசி போயிடும். கால்வாசி இருக்கும். அதுதான் கடைக்காரர் சொன்ன அந்தக் கால்வாசி.

இதே தப்புதான் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (ரெண்டு துண்டா வர்ற வகை) உள்ள டீசல் வண்டிகள்லயும் நடக்குது. அதுல ஸ்பிரிங் ஃப்ளைவீலுக்குள்ளயே இருக்கறதால பல வண்டிகள்ல பிளேட்ல ஸ்பிரிங் வராது. ஃப்ளைவீலை மட்டும் ஒற்றை இரும்பா மாத்திட்டு பழைய பிளேட்டையே போட்டா கியர்பாக்ஸ் கடகடன்னு அழும்.

யாழ்ப்பாணத்து ரிங்:

அண்ணை, நாலாவதை மற்றதுகளோட சேர்த்துக் குழப்பாதேங்கோ. அது வேற வருத்தம்.

இன்ஜின் ஐடில்ல ஓட, பெடலை முழுக்க அமத்திக்கொண்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்கோ. பிறகு ரிவர்ஸ் போடுங்கோ. அப்பவும் கடிச்சால் கிளட்ச் முழுசா விடுபடேல்லை. கடிக்காட்டி கியர்பாக்ஸ் தண்டு சுழண்டு நிக்க முதல் நீங்கள் அவசரப்படுறீங்கள், வேற ஒண்டுமில்லை.

விடுபடேல்லை எண்டால் முதல்ல பார்க்கவேண்டியது பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கிற கூடு) பக்கத்தில இருக்கிற ஸ்லேவ் சிலிண்டர், பெடல் அமத்திறதை வாங்கி கிளட்ச்சைத் தள்ளுறது அதுதான். இந்த வண்டியில அது ஒழுகிறது புதினமே இல்லை. ரப்பர் உறையை விரலால விலத்திப் பாருங்கோ. உள்ளுக்குள்ள ஈரம் இருந்தால் அதுதான். புதுசு போட்டு, டாட் 4 ஊத்தி, காத்தை முழுக்க எடுங்கோ. பழைய ரப்பர் ஹோஸும் கடினமான பிரஷர் பிளேட்டுக்கு ஊதும். அப்ப பெடல் கீழ போகும், கிளட்ச்சை விலத்துற முள்ளு (ஃபோர்க்) நகராது.

லேத்துக்காரன்:

ஒரு மாற்றுக் கருத்து. அலுமினியம் வேண்டாம், 4.5–5 கிலோ குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) ஸ்டீல்தான் தெருவுக்கு நல்லது. அலுமினியம் சூட்டுல வளையும்.

பல்சக்கரம்:

பாதி ஒத்துக்கறேன். கணக்கு நீங்க சொல்றதுக்கு எதிரா இருக்கு. 8 கிலோ இரும்பு ஒரு டிகிரி ஏற 3.7 கிலோஜூல் வாங்கும். 4 கிலோ அலுமினியம் 3.6 வாங்கும். 4 கிலோ ஸ்டீல் 1.8தான். அதனால மொத்தச் சூட்டைத் தாங்கறதுல அலுமினியம் பழைய ஃப்ளைவீலுக்குக் கிட்டத்தட்ட சமம்.

வளையறது அலுமினியம் இல்ல, அதுமேல ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கற ஸ்டீல் தகடு. ஏத்தத்துல வண்டியை கிளட்ச்லயே பிடிச்சு நிறுத்தினா அந்த மெல்லிய தகடு முதல்ல நீலம் பாயும், அப்புறம் அலை விழும். அந்தப் பழக்கம் இருந்தா ஸ்டீல் வாங்குங்க, நீங்க சொன்னது சரி. ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கறவருக்கு இருக்கறதே போதும்.

ஆனா ஒண்ணு, யாராவது பழைய வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை லேத்ல சீவி எடை குறைச்சுத் தரேன்னா கிட்டப் போகாதீங்க. 7,000 ஆர்பிஎம்ல வெடிச்சா அது உட்கார்ந்திருக்கற இடம் உங்க முழங்காலுக்கு நேர்.

லேத்துக்காரன்:

பேரு லேத்துக்காரன்னாலும் அதுல எனக்கும் இதே கருத்துதான் 🙂

கூரைதிறந்தவன்:

நன்றி. அஞ்சு எண்ணிப் பார்த்தேன், அப்பவும் கடிக்குது. ஸ்லேவ் உறைக்குள்ள ஈரம். அது ஒண்ணு முடிஞ்சுது.

கிளட்ச்சுக்கு 1.8 வண்டியோட 215 மி.மீ. செட் வாங்கலாமா? பெருசா இருந்தா நல்லதுதானே? கியர்பாக்ஸை நானே இறக்கலாம்னு இருக்கேன்.

பல்சக்கரம்:

1.8 பிளேட் உங்க கியர்பாக்ஸ் தண்டு ஸ்பிலைன்ல (தண்டு மேல இருக்கற பல்வரி) ஏறும். ஆனா 215 பிரஷர் பிளேட்டோட போல்ட் துளை வட்டம் வேற. 200க்குத் துளை போட்ட ஃப்ளைவீல்ல அது உட்காராது. 1.8 ஃப்ளைவீல் உங்க கிராங்க்ல ஏறும், அதனால டர்போ போடறவங்க ஃப்ளைவீலோட சேர்த்து 215க்குப் போறாங்க. டர்போ எண்ணம் இல்லைன்னா அந்தக் காசு வீண். கம்பெனி விசையுள்ள 200 மி.மீ. பிரஷர் பிளேட், ஸ்பிரிங் உள்ள சாதாரண லைனிங் பிளேட். விலை குறைஞ்ச செட்டே உங்களுக்குச் சரியான செட்.

இறக்கும்போது பார்க்க வேண்டியது:

கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கற நீள அலுமினியச் சட்டத்தைக் கழட்டறதுக்கு முன்னாடி கியர்பாக்ஸுக்கு ஜாக் கொடுங்க. மாட்டும்போது சட்டம் சாய்ஞ்சு உட்கார்ந்தா 100 கி.மீ. வேகத்துல வர்ற அதிர்வை கிளட்ச்னு நினைச்சு மறுபடி இறக்குவீங்க.

ஃப்ளைவீலைக் கழட்டறதுக்கு முன்னாடி ஸ்டீல் முகத்துல நீலத் திட்டு இருக்கான்னு பாருங்க. லேசா இருந்தா 120 நம்பர் எமரி தாளால வட்டமாத் தேய்ச்சு, பிரேக் கிளீனர்ல துடைச்சாப் போதும். விரல் நகத்துக்கு மேடு பள்ளம் தட்டுப்பட்டா தகட்டை மாத்தணும். ஸ்க்ரூ தலை மட்டத்துக்குக் கடைஞ்சு எடுக்கக் கூடாது. டயல் கேஜ் இருந்தா முகத்தோட ஆட்டம் 0.2 மி.மீ.க்குள்ள இருக்கணும். அதே கேஜால கிராங்க்கை முன்னும் பின்னும் நெம்பி ஆட்டம் பாருங்க. 0.3 கிட்ட வந்தா அந்தக் கடின பிரஷர் பிளேட் த்ரஸ்ட் பேரிங்கைத் தின்ன ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம்.

ஃப்ளைவீல் போல்ட் ஆறும் துளை வழியா இன்ஜின் ஆயில் பக்கம் போகுது. பழைய சீலன்டைச் சுரண்டி எடுத்துட்டு மரையில புதுசு தடவாம மாட்டினா ஆயில் கசிஞ்சு புது பிளேட்டை நாசம் பண்ணும். 96–103 நியூட்டன் மீட்டர், எதிரெதிராக. பின் கிராங்க் சீலையும் இப்பவே மாத்திடுங்க.

பிளேட்ல ஸ்பிரிங் துருத்திட்டு இருக்கற பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கணும். திருப்பி மாட்டினா ஸ்பிரிங் கூடு ஃப்ளைவீல் போல்ட்டுல இடிக்கும். ஸ்பிலைன்ல கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு, மிச்சத்தைத் துடைங்க. பிரஷர் பிளேட் போல்ட்டை நட்சத்திர வரிசையில அரை அரைத் திருகா இறக்குங்க, கடைசியா 18–26 நியூட்டன் மீட்டர். அலுமினியத்துல போற மரை, காத்துத் துப்பாக்கி கூடவே கூடாது.

3ஆம் நம்பருக்கு: இன்ஜின் சூடானதும் இன்ஜின் அறையில இருக்கற டயக்னாஸ்டிக் பெட்டியில 'டென்', 'ஜிஎன்டி' ரெண்டையும் ஒரு வயரால இணைச்சுட்டு, த்ராட்டில் பாடி ஸ்க்ரூல ஐடிலை வைங்க. மேனுவல் சொல்றது 850, 50 கூடக் குறைய. நீங்க 900ல வைங்க. அப்புறம் வயரை எடுக்க மறக்காதீங்க.

கூரைதிறந்தவன்:

போட்டாச்சு, 400 கி.மீ. ஓடியாச்சு. உதறல் சுத்தமா இல்ல. ரிவர்ஸ் சத்தமில்லாம விழுது. ஏ.சி.யோட ஐடில் 800க்குக் கீழ போகலை. கிராங்க் ஆட்டம் 0.21. கோலிக்குண்டு சத்தம் கூரை மூடியிருந்தா மட்டும் லேசாக் கேக்குது.

ஒரே ஒரு கேள்வி. மூணாவது கியர்ல பிக்கப் வித்தியாசமே தெரியலையே, முதல் கியர்லதான் தெரியுது. சரிதானா?

பல்சக்கரம்:

சரிதான். உங்க கியர் விகிதத்துக்கு இந்த 4 கிலோ குறைஞ்சது முதல் கியர்ல வண்டியிலேர்ந்து 87 கிலோவை இறக்கி வெச்ச மாதிரி. ரெண்டாவதுல 32, மூணாவதுல 16, அஞ்சாவதுல 6 கிலோ. மூணாவதுல கிடைக்கறது ஒரு சூட்கேஸ் அளவுதான்.

800 கி.மீ. ஆகற வரைக்கும் கிளட்ச்சை வழுக்க விட்டு வேகமா எடுக்காதீங்க. லைனிங் இன்னும் முழு முகமும் உட்காரலை.