தடசு வில்: மேல் லிம்ப் ஒரே இடத்தில் மடிகிறது, எங்கே சுரண்டுவது?

கோத்தகிரி_மஞ்சு:
தடசு மரச் சட்டத்தில் ஒற்றைக்கட்டை வில். நீளம் 66 அங்குலம், கைப்பிடியை ஒட்டி அகலம் 38 மி.மீ., நுனியில் 12. எனக்கு வேண்டியது நாணை 28 அங்குலம் இழுக்கும்போது 40 பவுண்டு விசை. இப்போது 20 அங்குலத்திலேயே தராசு 34 காட்டுகிறது. மேல் லிம்ப் (கைப்பிடிக்கு மேலே வளையும் கை) கைப்பிடியிலிருந்து 10 அங்குலம் தள்ளி முழங்கை மாதிரி மடிகிறது, அதற்கப்பால் நுனிவரை விறைப்பு. கீழ் லிம்ப் சீராகத்தான் வளைகிறது, ஆனால் மேலதைவிடக் குறைவு. மடியும் இடத்தில் கனம் 11 மி.மீ., கீழ் லிம்பில் அதே தூரத்தில் 12. ஒரு மில்லிமீட்டர் இவ்வளவு செய்யுமா?

கூடலூர்_உளி:
செய்யும். அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் அவ்வளவே குறையும். கனம் அப்படியில்லை, மூன்றாம் படியில் போகும். 12 மி.மீ. 11 ஆனால் கிட்டத்தட்ட கால்வாசி விறைப்பு போய்விட்டது.

முதலில் இழுவையை நிறுத்துங்கள். கோணல் எந்த அங்குலத்தில் கண்ணுக்குப் படுகிறதோ, சரியாகும்வரை அதைத் தாண்டக் கூடாது. மடியும் இடத்தின் இருபுறமும் 2 அங்குலம் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு வையுங்கள். அங்கே கருவி படவே கூடாது. சுரண்ட வேண்டியது அதற்கப்பால் நுனிவரை உள்ள விறைப்பான பகுதியில், பிறகு கீழ் லிம்ப் முழுவதிலும். வயிற்றுப்பக்கம் (நாணைப் பார்க்கும் பக்கம்) மட்டும். முதுகில் (அதன் எதிர்ப்பக்கம்) வருட வளையம் வெட்டுப்பட்டால் சிலாம்பு கிளம்பி வில் அங்கேயே ஒடியும்.

பயப்பட வேண்டாம், கையில் மரம் இருக்கிறது. 20-இல் 34 என்றால் இப்படியே 28-க்குப் போனால் 50 தாண்டும். திருத்துவதற்குப் பத்துப் பவுண்டு மிச்சம். அரத்தை ஓரம் வையுங்கள், உடைந்த கண்ணாடி விளிம்பு போதும். பத்துப் பதினைந்து சுரண்டல், பிறகு கப்பியில் 15 அங்குலம்வரை முப்பது தடவை இழுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மரம் பழகுமுன் பார்த்தால் பொய் சொல்லும்.

கண்ணை நம்பாதவர்களுக்கு ஒரு வழி: 15 செ.மீ. நேரான கட்டை, நடுவில் துளை, அதில் இறுக்கமாகப் பென்சில். நாண் ஏற்றிய வில்லின் வயிற்றில் வைத்தால் நடுவில் இடைவெளி தெரியும். சரியாக வளையும் இடத்தில் பென்சில் முனை மயிரிழை தொடாமல் நிற்கும்படி வைத்துக் கட்டையை நகர்த்துங்கள். கோடு விழும் இடமெல்லாம் விறைப்பு, அங்கேதான் சுரண்ட வேண்டும்.

கொடைக்கானல்_நாண்:
உளி அண்ணன் சொன்னதோடு இதையும் பாருங்கள். சட்டத்தைச் சிமெண்ட் தரையில் நிறுத்திச் சுவரில் சாய்த்தா வைத்திருந்தீர்கள்? எந்த நுனி கீழே இருந்தது? ஈரம் ஏறிய பக்கம் இளகும், அதிகம் வளையும், நாண் அவிழ்த்தபின்னும் நிமிராது. மஞ்சு இறங்கும் மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நின்றால் மரத்துக்குள் 20 சதவீதம்வரை ஈரம் சேரும். வில்லுக்கு வேண்டியது 10-ஐ ஒட்டி. பிளைவுட் பெட்டியில் 60 வாட் குண்டு பல்பு போட்டு, மேலே இரண்டு துளை விட்டு, சட்டத்தைப் படுக்கையாகத் தொங்கவிடுங்கள். தினமும் எடை போடுங்கள். நாலைந்து நாள் எடை மாறாமல் நின்ற பிறகு உளியைத் தொடலாம்.

கோத்தகிரி_மஞ்சு:
மேல் நுனிதான் தரையில் இருந்தது! நாண் அவிழ்த்தால் அந்தப் பக்கம் அரை அங்குலம் வளைந்தே நிற்கிறது. மடிப்பில் குறுக்காக மெல்லிய கோடுகளும் தெரிகின்றன.

கூடலூர்_உளி:
அது வயிற்றுப்பக்க நார் நசுங்கிய கோடு. சுரண்டி எடுக்கப் பார்க்காதீர்கள், மடிப்பு இன்னும் மோசமாகும். அரை அங்குல வளைவு பரவாயில்லை. காய்ந்தபின் மற்ற இடங்களை இந்த மடிப்பின் அளவுக்கு இறக்குங்கள். பவுண்டு 40-க்குக் கீழே போனால் இரு நுனியிலும் முக்கால் அங்குலம் வெட்டிக் குதையை (நாண் மாட்டும் வெட்டு) புதிதாக அறுத்தால் கொஞ்சம் ஏறும். கோடுகள் நீண்டுகொண்டே போனால் மட்டும் அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள்.