4.5 லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்ட் வேகன் ஆர்: 1.0 போதுமா, 1.2 தேடணுமா?

மடிப்பாக்கம்_வாசி:
வீட்டில் நாலு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழ முடியாது. அதனால் ஸ்விஃப்டை விட்டுவிட்டு 2019-20 வேகன் ஆர் பெட்ரோல் பார்க்கிறேன். தினமும் சென்னைக்குள் 30 கிலோமீட்டர், மாதம் ஒருமுறை திருவண்ணாமலை. 1.0, 1.2 "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார் டீலர். நேரில் என்னென்ன பார்க்கணும்?

பானட்_திற:
ரெண்டும் ஒண்ணு இல்லை சார். 1.0-வில் மூணு சிலிண்டர், 998 சிசி. 1.2-வில் நாலு சிலிண்டர், 1197 சிசி. நாலு பேர், லக்கேஜ், ஏசி என்று ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது 1.0 திணறும். உங்கள் தேவைக்கு 1.2 தான்.

1.0 தான் கிடைக்கிறது என்றால் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரான 1.0 வண்டிகளை ஃப்யூல் பம்புக்காக 2020-ல் கம்பெனியே திரும்ப அழைத்தது. எம்ஏ3 என்று தொடங்கும் சேசிஸ் நம்பரைச் சொன்னால், பம்ப் மாற்றியாச்சா என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிடுவார்கள்.

"நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவையுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். கோல்ட் ஸ்டார்ட்டில்தான் நீலப் புகையும் இஞ்சினுக்குள் ஓடும் செயினின் சத்தமும் தெரியும். கிளட்சுக்கு: 30 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். வண்டி வேகமெடுக்காமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் செட் முடிந்தது. அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் முன்பக்கம் 'டக்டக்' என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராட் அல்லது லோயர் ஆர்ம் புஷ். சின்ன வேலைதான், அதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம்.

வேளச்சேரி_மெக்:
சென்னை வண்டி என்றால் இஞ்சினுக்கு முன்னால் வெள்ளத்தைப் பாருங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் நின்ற வண்டிகள் பாலிஷ் போட்டு இப்பவும் சந்தைக்கு வருது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க; அடியில் சேற்றுக்கறை இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டாங்க. சீட் ரெயில் போல்ட், ஸ்டெப்னி குழி, டாஷ்போர்டு அடியில் இருக்கும் கனெக்டர்கள், மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்க. போல்ட்டில் துரு, கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இஞ்சினைச் சரி செய்யலாம். வயரிங்கில் போன தண்ணி வருஷக்கணக்கில் படுத்தும்: இன்னைக்கு பவர் விண்டோ, நாளைக்கு ஏர்பேக் லைட்.

இன்சூரன்ஸ் பாலிசியில் என்சிபி (கிளெய்ம் எடுக்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) சதவீதத்தையும் பாருங்க. கிளெய்மே இல்லாமல் அஞ்சு வருஷம் ஓடின வண்டிக்கு 50 சதவீதம் இருக்கணும். ஆர்சியில் ஒரே ஓனர், பாலிசியில் 0 என்றால் எதற்கு கிளெய்ம் எடுத்தாங்க என்று கேளுங்க.

ஓஎம்ஆர்_டிரைவர்:
பாதுகாப்பைச் சொல்லாமல் விடக்கூடாது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன் ஆருக்கு 2019-ல் ஐந்துக்கு 2 ஸ்டார், 2023-ல் 1 ஸ்டார். டாடா டியாகோவுக்கு 2020-ல் 4 ஸ்டார். சீட் உயரம்தான் முக்கியம் என்றால் வேகன் ஆரே எடுங்கள், ஆனால் முன்னால் இரண்டு ஏர்பேக் இருப்பதாக. 2019 மாடலில் இசட்எக்ஸ்ஐ என்ற மேல் வேரியன்ட்டில் அது வரும். அதற்குக் கீழே உள்ள விஎக்ஸ்ஐ-யில் 'ஓ' (ஆப்ஷனல்) என்று போட்டிருந்தால் மட்டும். ஒரு தடவை அம்மாவையும் கூட்டிப்போய் டியாகோவில் உட்காரவைத்துப் பாருங்களேன்.

மடிப்பாக்கம்_வாசி:
நன்றி. ஒரு 1.2 இசட்எக்ஸ்ஐ ஏஜிஎஸ் (கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக்) அதே விலைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா?

பானட்_திற:
ஏஜிஎஸ்ஸிலும் உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான். மிதிப்பது மட்டும் மெஷின். டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து ஓடிய வண்டியில் சீக்கிரம் தேயும். மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு எடுத்துப் பாருங்கள். உதறினாலோ தீய்ந்த வாடை வந்தாலோ வேண்டாம். எடுப்பதானால் பணம் கைமாறும்போதே ஓனர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து, லோன் இருந்திருந்தால் அதை ஆர்சியிலிருந்து நீக்கும் படிவம் 35-ம் பேங்க் என்ஓசியும் வாங்கிவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுக்கணும்.