உப்பளப் பாத்தி அடியில தோல் மாதிரி பாசி, சுரண்டி எடுத்துடலாமா?

புதுஉப்பளத்தான்:
வணக்கம் மக்களே. மாமனாரோட சின்ன உப்பளம் இந்த வருஷம் என் தலையில வந்து விழுந்துருச்சு, எனக்கு இதுல ஆனா ஆவன்னா தெரியாது. கடல்தண்ணிய மொதல்ல ஏத்தித் தேக்குற பெரிய பாத்தியில நேத்து இறங்குனா கால் சர்ருன்னு வழுக்குது, அடி பூரா ஜமுக்காளம் விரிச்ச மாதிரி பாசி. ஓரத்துல பிச்சுப் பாத்தேன், லேசுல கிழிய மாட்டேங்குது, கீழ கறுப்பு சேறு, அழுகுன முட்டை நாத்தம். தண்ணி வத்துன மூலையில அதே சாமான் காஞ்சு அப்பளம் மாதிரி சுருண்டு கெடக்கு. வேலைக்கு வர்ற அண்ணன் "தொடாதீங்க"ன்னு சொல்றாரு, ஏன்னு கேட்டா சிரிக்கிறாரு. ஆள் விட்டு சுரண்டிடவா?

உப்புக்கை:
அந்த அண்ணனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க தம்பி. கடல்தண்ணி சுமார் 3 டிகிரியில உள்ள வருது (இது சூடு இல்ல, தண்ணியில உப்பு எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்குற போமே டிகிரி), உப்பு விழ 25 டிகிரி ஆகணும், அதுவரைக்கும் வெயில் வேலை செய்யுது, நடுவுல தண்ணி பூமிக்குள்ள இறங்கிட்டா அத்தனை நாள் காய்ஞ்சது வீண். அந்தப் பாய்தான் அடிய அடைச்சு கசிவைக் குறைக்குது. கறுத்த அடிங்கறதால வெயில் சூட்டையும் நல்லா இழுக்கும். உப்பு வாருற பாத்தி மட்டும் சுத்தமா இருந்தா போதும்.

தாவரவியல்_டீச்சர்:
பாசின்னு சொல்றோம், ஆனா நீலப்பச்சைப்பாசி உண்மையில பாக்டீரியா, செல்லுக்குள்ள உட்கருவே கிடையாது. உங்க பாத்தியில அனேகமா மைக்ரோகோலியஸ் மாதிரி இழை வகை இருக்கும், பல இழை சேந்து ஒரே பிசின் உறைக்குள்ள கயிறு திரிச்ச மாதிரி கெடக்கும், அந்தப் பிசின் மணலையும் புடிச்சு வெச்சுக்கும், அதான் கிழிய மாட்டேங்குது.

ஒரு துண்டை கத்தியால நேரா வெட்டிப் பக்கவாட்டுல பாருங்க. மேல பழுப்பு, அது வெயில் தடுக்குற நிறமி. அடுத்து பச்சை. அதுக்குக் கீழ ஊதா கலந்த ரோஸ், அது கந்தக பாக்டீரியா, மேல இருக்கறவன் விட்ட வெளிச்சத்துல பொழைக்குது. கடைசியா கறுப்பு, இரும்பும் கந்தகமும் சேந்தது, முட்டை நாத்தம் அங்கேந்துதான். எல்லாம் சில மில்லிமீட்டருக்குள்ள! இன்னொண்ணு, அந்த இழை நகரும். உச்சி வெயில்ல கொஞ்சம் கீழ இறங்கும், வெளிச்சம் கம்மியானா மேல ஏறும்.

மீன்தொட்டி_பைத்தியம்:
என் தொட்டியிலயும் இதோட பங்காளி வந்துச்சு சார், பால் ஆடை மாதிரி ஷீட்டா உரியும், நாலு நாள்ல திரும்ப வந்து நிக்கும். பகல்ல காத்துக்குமிழி மாட்டி அப்படியே தூக்கிட்டு மெதக்கும். மூணு நாள் போர்வை போட்டு மூடுனதுக்கப்புறம்தான் அடங்குச்சு. ஆனா உப்பளத்துல நத்தை கித்தை வந்து மேயாதா?

தாவரவியல்_டீச்சர்:
உப்பு ஏற ஏற மேயுற ஜீவனெல்லாம் கொறைஞ்சுடும், அதான் பாய்க்கு ராஜ வாழ்க்கை. ஆஸ்திரேலியாவுல ஷார்க் பேன்னு ஒரு இடம், அங்க ஹாமெலின் பூல்ல கடல் மாதிரி ரெண்டு மடங்கு உப்பு, இந்த மாதிரி பாய் அடுக்கடுக்கா மண்ணைப் புடிச்சு பாறையாவே நிக்குது. அதே பக்கம் பில்பராவுல சுமார் 350 கோடி வருஷத்துப் புதைபடிவமா இந்த அடுக்குப் பாறை கெடைச்சிருக்கு.

உப்புக்கை:
எல்லாப் பாசியும் நல்லவன் இல்ல தம்பி. அஃபனோதீசின்னு ஒத்தைச் செல் வகை, அது பெருகுனா தண்ணியே கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஆயிடும், உப்பு மணி ஒழுங்கா வெளையாது. அடியில ஒட்டியிருந்தா விடுங்க, தண்ணி கொழகொழத்தா இங்க வந்து சொல்லுங்க.

புதுஉப்பளத்தான்:
சுரண்டல. காஞ்சுபோன அப்பளத் துண்டு ஒண்ணை எவர்சில்வர் டம்ளர்ல போட்டு பாத்தித்தண்ணி ஊத்தி ஜன்னல்ல வெச்சேன், மறுநாள் மதியம் பச்சை தெரியுது, ஓரத்துல பொடிப்பொடியா குமிழி. மாமியார் அந்த டம்ளரைத் தேடிக்கிட்டு இருக்காங்க.