மீன் தொட்டிக்கு ஆர்ஓ தண்ணிதான் ஊத்துறேன், பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) நிக்கவே மாட்டேங்குது. உதவுங்க

கப்பிக்காரன்:
60 லிட்டர் தொட்டி, வெச்சு எட்டு மாசம். கப்பி மீன் பத்து, மோலி மீன் நாலு, ஒரு நத்தை. குழாய்த் தண்ணியால கண்ணாடியில வெள்ளையா உப்பு படியுதேன்னு மூணு மாசமா ஆர்ஓ தண்ணி மட்டும்தான் மாத்துறேன். டிடிஎஸ் மீட்டர்ல 60, அதனால தண்ணி மேல சந்தேகம் இல்லை. ஆனா மோலி நாலும் துடுப்பை ஒடுக்கிக்கிட்டு நின்ன இடத்துலயே நெளியுது. நத்தை ஓட்டுல குழி குழியா இருக்கு. பிஹெச் 6. அதை ஏத்துற மருந்து ஊத்தினா சாயங்காலம் 7.5, காலைல பழையபடி 6. அளவை இரட்டிப்பாக்கலாமா?

பாசிபடிந்தவன்:
வேண்டவே வேண்டாம். மருந்தை இன்னிக்கே நிறுத்துங்க. அமோனியா, அப்புறம் கடினத்தன்மையைக் காட்டுற ஜிஹெச், கேஹெச், மூணும் பாருங்க. டிடிஎஸ் மீட்டர் கரைஞ்சிருக்கிறதை மொத்தமாத்தான் காட்டும். அதுல கால்சியம் எவ்வளவு, கழிவு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லாது.

கப்பிக்காரன்:
தண்ணியில துளி விட்டுப் பார்க்கிற சோதனை கிட் வாங்கிட்டேன். தொட்டியில அமோனியா 1, ஜிஹெச் 2, கேஹெச் முதல் துளியிலேயே மஞ்சளாயிடுச்சு, அதாவது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. குழாய்த் தண்ணியில ஜிஹெச் 14, கேஹெச் 9. ரெண்டுமே கடினத்தன்மைதானே அண்ணா, எதுக்கு ரெண்டு எண்?

பாசிபடிந்தவன்:
பேர்தான் ஒண்ணு, வேலை வேற. ஜிஹெச்ங்கிறது கால்சியமும் மெக்னீசியமும். மீனுக்கும் நத்தை ஓட்டுக்கும் அது வேணும். கேஹெச்னா முக்கியமா பைகார்பனேட். பிஹெச் சரியாம முட்டுக்கொடுக்கிறது அதுதான். ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக்கும்போது அமிலம் உண்டாகும், அது பைகார்பனேட்டைத் தின்னுக்கிட்டே இருக்கும். முன்னாடி வாராவாரம் குழாய்த் தண்ணி அதை நிரப்பிச்சு. ஆர்ஓல நிரப்ப ஒண்ணுமில்லை. முட்டு போச்சு, பிஹெச் விழுந்துச்சு, பாக்டீரியாவும் மந்தமாச்சு, அமோனியா தேங்கிடுச்சு.

பிஹெச் 6-ல அமோனியா பெரும்பாலும் அம்மோனியமா இருக்கும், அவ்வளவு விஷமில்லை. பிஹெச் ஒண்ணு ஏறினா விஷப்பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். தினம் சாயங்காலம் நீங்க மோலிக்குக் கொடுத்தது இதைத்தான்.

துளசிச்செடி:
சமையல் சோடா போடுங்க. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டா கேஹெச் ஒரு டிகிரி ஏறும்.

பாசிபடிந்தவன்:
கணக்கு சரிதான். ஆனா சோடா ஜிஹெச்சைத் தொடாது, நத்தைக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? அதோட அமோனியா இருக்கும்போது பிஹெச்சை ஒரேயடியா தூக்கக்கூடாது. கப்பியும் மோலியும் கடின நீர் மீன்கள், குழாய்லயே எல்லாம் வருது. தினம் 6 லிட்டர் மட்டும் குழாய்த் தண்ணி மாத்துங்க, அமோனியாவையும் கட்டுற குளோரின் நீக்கி கலந்து. தீனியைப் பாதியாக்குங்க. நியான் டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்னீர் மீன் வளர்த்திருந்தா வேற பேச்சு.

ஈரக்கை:
இடையில ஒரு கேள்வி. எங்க வீட்டுல உப்பு போடுற சாஃப்ட்னர் இருக்கு. அந்தத் தண்ணி ஆகுமா?

பாசிபடிந்தவன்:
அது கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடும். ஜிஹெச் விழும், கேஹெச் அப்படியே இருக்கும். சாஃப்ட்னருக்கு முன்னாடி வர்ற குழாய்லயே பிடிங்க.

கப்பிக்காரன்:
12 நாள் ஆச்சு. ஜிஹெச் 10, கேஹெச் 6, பிஹெச் காலையிலயும் 7.6. அமோனியா இல்லை. ஒரு மோலி மூணாம் நாளே போயிடுச்சு. மத்ததெல்லாம் நல்லா நீந்துது. கண்ணாடியில மறுபடி வெள்ளை படியுது, தண்ணி மட்டத்தைக் குறைச்சுட்டு வினிகர் தொட்ட துணியால துடைச்சுக்கிறேன். நத்தை ஓட்டுக் குழி ஆறிடுமா?

பாசிபடிந்தவன்:
பழைய குழி தூராது. வாய் ஓரமா புதுசா வளர்ற ஓட்டைப் பாருங்க, வழவழன்னு இருந்தா சரி.