தாத்தாவின் ஐசியில் இருந்த ‘தோப்படி’

மகன் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். “சர்நேம்ல என்னப்பா போடுறது?” நமக்கு ஏது சர்நேம்? என் பெயரைப் போடு என்றேன். “அப்போ உங்க சர்நேம்?” தாத்தா பெயர். “தாத்தாவோட அப்பா பேரு?” அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

தாத்தா போருக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வந்தவர். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. அடையாள அட்டை, அதாவது ஐசி, இங்கே 1948இல் வந்தது. அவருடைய ஐசியில் ‘சன் ஆஃப்’ என்பதற்குப் பிறகு ஆங்கிலத்தில் ஏழெழுத்து. தோப்படி என்று படிக்கலாம், தொப்பாடி என்றும் படிக்கலாம், தோபாதி என்றாலும் தப்பில்லை. நம் குறில் நெடிலும் ட, த வித்தியாசமும் அந்த எழுத்தில் எங்கே தெரியப்போகிறது? “இப்படியெல்லாம் ஒரு மனுஷனுக்குப் பேர் வைப்பாங்களா?” என்று அத்தை சிரிப்பார்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஊரிலிருந்து வந்த நீலக் கடிதம் ஒன்று கிடைத்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அனுப்பியவர் முகவரியில் ‘தோப்படி வீடு’, கீழே கிராமத்தின் பெயர், ‘மன்னார்குடி வழி’.

போன டிசம்பர் விடுமுறையில் போனோம். டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கடிதத்தைக் காட்டினேன். “தோப்படி ஆள் பேர் இல்ல தம்பி, வீட்டுப் பேரு. மாந்தோப்ப ஒட்டி இருந்த வீடு.” ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டே பழகிய காது. குமாஸ்தா அப்பா பெயரைக் கேட்டதற்குத் தாத்தா வீட்டைச் சொல்லியிருக்கிறார். இது என் ஊகம்தான்.

அப்புறம் பெரியவர் பூட்டனின் பெயரைச் சொன்னார். அது எங்கள் பெரியப்பாவின் பெயர்!

மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம் என்று யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை. பாட்டி கடைசிவரை பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘பெரியவனே’தான். செல்லம் என்று நினைத்திருந்தோம். மாமனார் பெயரை எப்படி வாயால் சொல்வார்?

*

இன்னொருவர் சொன்னது: எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. நாங்கள் நகரத்தார், செட்டிநாட்டுச் செட்டியார்கள். தாத்தா மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில், செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த இடத்தில், கணக்கெழுதியவர். பழைய பேரேட்டில் விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் முதலெழுத்து, மூன்றெழுத்து இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு முன்னோர். நகரத்தார் குலப் பிரிவுகளுக்கான நகரக் கோயில் ஒன்பதில் எங்களுக்கு இளையாத்தங்குடி. கல்யாணமானதும் கோயில் கணக்கில் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, சேர்த்துவிடுவார்கள் என்பதால் ஆண்கள் வழி சுலபமாகக் கிடைத்தது. ஆச்சிகளின் பிறந்த வீட்டைத் தேடத்தான் இரண்டு வருடம் ஆனது.

*

மற்றொருவர் சொன்னது: பாட்டியின் அம்மாவைச் சிங்கப்பூரின் பிடாடரியில் அடக்கம் செய்திருந்தோம். 1972இல் மூடிய இடுகாடு அது. பிற்பாடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளுக்காகக் கல்லறைகளைத் தோண்டியபோது சித்தப்பா முதல் நாளே போய்க் கல்லில் இருந்ததை நோட்டில் எழுதிவந்தார். பாசி பிடித்திருந்ததால் தேங்காய் நாரால் தேய்த்தாராம். ‘பாளையங்கோட்டை’ என்ற அந்த ஒரு சொல்தான் இன்று எங்களிடம் இருக்கும் ஒரே தடயம். இனிமேல்தான் போகவேண்டும்.

*

கடைசியாக, என் மகனின் விண்ணப்பம் என்னவாயிற்று என்றால், என் பெயரே சர்நேமாகப் போய்விட்டது. அங்கே வகுப்பில் அவனை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். முதல் வாரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.