செட் டிசைனருக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

> அண்ணாச்சி, நாடகம், ஓப்பரா (மேல்நாட்டு இசை நாடகம்) மேடைக்கு செட் டிசைன் பண்ணுத வேலையப் பத்தி பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதுதேன். 'அரங்க வடிவமைப்பாளர்'னு போட்டிருக்கேன், சரியா இருக்கா?

தம்பி, எனக்கு அது ஒட்டல. அரங்கம்னா நம்ம ஆளுகளுக்கு கட்டடந்தான் முதல்ல தோணும், பாளையங்கோட்டையில ஆடிட்டோரியம் கட்ட பிளான் போடுத இன்ஜினியர்னு நெனச்சிருவான் படிக்கப் பையன். 'கலை இயக்குநர்' சினிமாக்காரங்க கைக்குப் போய் ரொம்ப நாளாச்சு.

பேரு வைக்கதுக்கு முன்னால அவரு என்ன செய்யுதாருன்னு பாத்துக்கிடுவோம். நாடகத்தப் படிக்காரு, ஓப்பரான்னா பாட்டையும் கேக்காரு, டைரக்டர்கூட உக்காந்து பேசி முதல்ல வெள்ளை அட்டையில ஒரு சின்ன மாதிரி செஞ்சு பாக்காரு, அது சரின்னா வர்ணம் பூசி மரமெல்லாம் ஒட்டி முழு மாதிரி, பிரிட்டன்ல அது வழக்கமா 25ல 1 அளவு. பொறவு ஒர்க்‌ஷாப்புக்கு வரைபடம். ஆணி அடிக்கதும் படுதா எழுதுததும் வேற ஆளுக. பெரிய ஓப்பரா தியேட்டர்கள்ல ரெண்டு மூணு வருசத்துக்கு முன்னாடியே இதெல்லாம் ஆரம்பிச்சிரும். படிச்சு முடிச்சு வாரவங்க பெரும்பாலும் பெரிய டிசைனர்கிட்ட உதவியாளா சேந்து அடுத்தவங்க மாதிரிக்கு அட்டை வெட்டித்தான் கை பழகுவாங்க, அப்புறமும் மாசச் சம்பளம்னு கெடையாது நெறைய பேருக்கு, ஒரு நாடகத்துக்கு இவ்வளவுன்னு பேசிக்கிடுததுதான். இத கட்டுரையில கட்டாயம் எழுதுங்க, பிள்ளைக தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்.

ஓப்பராவுல இன்னொரு சங்கடம் உண்டு. பாடுதவங்களுக்கு பொதுவா மைக் கெடையாது. பின்னால துணியாத் தொங்க விட்டா குரலக் குடிச்சிரும், கெட்டிப் பலகைச் சுவரா நிறுத்துனா சபைப் பக்கம் திருப்பி அனுப்பும். பாடுதவங்க எந்த மூலையில நின்னாலும் கீழ குழியில கோலாட்டி வாத்தியத்த நடத்துதவரு கண்ணுல படணும். இன்னைக்கு ஒரு ஓப்பரா நாளைக்கு வேற ஒண்ணுன்னு நடக்க ஊர்ல மொத்த செட்டையும் ராவோட ராவா கழத்தி அடுத்தத ஏத்தணும். அதனால இது அழகு பாக்க வேலை மட்டும் இல்ல, எந்திர வேலையுந்தான். வெனிசுல 1640கள்ல டொரெல்லின்னு ஒருத்தர் மேடைக்கு அடியில வண்டி ஓடவிட்டு பக்கத்தட்டிக அத்தனையும் ஒரே இழுப்புல மாத்திக் காட்டுனாரு, சுவீடன்ல டிராட்னிங்ஹோம் அரண்மனைத் தியேட்டர்ல 1766ல கட்டுன மர எந்திரம் இப்பவும் வேல செய்யுது.

நம்ம ஊர் கோயில் கொடைக்கு வாங்க. ராத்திரி வள்ளி திருமணமோ அரிச்சந்திராவோ நடக்கும்லா, அதுவும் பாட்டாலயே போற நாடகந்தான். சீன் செட்டு வாடகைக்கு விடுதவரு காடு, தர்பார், தெருன்னு படுதாவச் சுருட்டிக்கிட்டு வேன்ல வந்து எறங்குவாரு. எந்த நாடகமானாலும் அதே காடுதான். குறையா சொல்லல, சங்கரதாஸ் சுவாமிகள் பொறந்த காட்டுநாயக்கன்பட்டி நமக்குப் பக்கந்தான, அந்த மரபுல பாட்டுதான் ராசா. ஆனா ஒவ்வொரு நாடகத்துக்கும் புதுசா யோசிக்க ஆளுக்கும், இருக்கதக் கொண்டாந்து கட்டுத ஆளுக்கும் ஒரே பேரு வச்சா குழப்பம்.

பழைய நாடக நோட்டீசுல 'காட்சி ஜோடனை'ன்னு போட்டிருப்பாங்க. எனக்கு அந்தச் சொல்லு மேல ஆசதான், ஆனா 'ஜோடனையாளர்'னு நீட்டுனா கல்யாண மேடைக்கு பூ கட்டுதவருன்னு ஆயிரும். ஜோடிக்கதுக்கு நம்மகிட்ட 'புனை' இருக்கு, அலங்கரிக்கது, தீட்டுதது, கட்டுதது, மனசுல ஒண்ண உண்டாக்குதது எல்லாம் அதுக்குள்ள அடங்கும். அதனால செட் டிசைனுக்கு காட்சிப்புனைவு, ஆளுக்கு காட்சிப்புனைஞர். நெடுநல்வாடையில 'புனையா ஓவியம்'னு வருது, வர்ணம் தீட்டாத கோட்டுப் படம். அந்த வெள்ளை அட்டை மாதிரிக்கு 'புனையா மாதிரி'ன்னா எவ்வளவு கச்சிதம் பாருங்க!

> சிலப்பதிகாரத்துல திரைக்கு எழினின்னு இருக்கே அண்ணாச்சி, அதுலேர்ந்து 'எழினியர்'னு எடுத்தா என்ன? புனைவுன்னா இப்ப எல்லாரும் கதை நாவல்னுதான் படிக்காங்க. — தென்காசி அக்கா

அக்கா, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினின்னு மூணு வகை சொல்லுதாரு இளங்கோ, மேடைக்கு ஏழு கோல் அகலம் எட்டு கோல் நீளம் ஒரு கோல் உயரம்னு அளவும் குடுக்காரு, தூணோட நிழல் ஆடுத எடத்துல விழாம வெளக்கு வைக்கணும்னு வேற. ஆனா எழினி திரைதான. செக் நாட்டு மேடை டிசைனர் ஸ்வோபோதா 1958ல பிரசல்ஸ் கண்காட்சியில சினிமாப் படத்தையும் நேர்ல ஆடுதவங்களையும் கலந்து காட்டுனாரு, சுவிட்சர்லாந்து டிசைனர் அப்பியா படுதாவே வேண்டாம் படிக்கட்டும் வெளிச்சமும் போதும்னாரு, அவங்கள எழினியர்னு எப்படி? எழினிய முன்திரைக்கு வச்சுக்கிடுவோம், அதுக்கு அது பொருத்தம்.

கதை-ன்னு படிக்கது பத்தி நீங்க சொல்லுதது நெசந்தான். ஆனா முன்னால 'காட்சி' நிக்கும்போது யாரும் நாவலத் தேட மாட்டாங்க.

> இலங்கையில 'காட்சி விதானிப்பு'ம்பாங்களே?

ஆமா தம்பி, அங்க நாடகமும் அரங்கியலும்னு பாடமாவே இருக்கு, நம்மள விட முந்திட்டாங்க. கட்டுரையோட சொல் பட்டியல்ல காட்சிப்புனைவு, காட்சி விதானிப்பு ரெண்டையும் போடுங்க, விதானிப்புக்கு 'இலங்கை வழக்கு'ன்னு குறிச்சு. ஜோடனையையும் பழைய வழக்குன்னு சேத்திருங்க. படுதா, தட்டி ரெண்டையும் அப்படியே விட்டுருங்க, மாத்தாதீங்க. ப்ராப்ஸுக்கு, அதான் நடிக்கவங்க மேடையில எடுத்துப் பொழங்குத சாமான்களுக்கு, யாராவது ஒரு சொல்லு சொல்லுங்க, 'அரங்கப் பொருட்கள்' எனக்கு சப்புன்னு இருக்கு.